கடைமடையிலிருந்து வரையுங்கள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்த நாள். மீஞ்சூரில் எங்கள் தெருவில் மின்சாரம் போய் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. வாசலில் மூன்றாவது படி வரை தண்ணீர். அது வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் மட்டும் இல்லை. தெரு ஓரத்து வடிகால் மூடியின் ஓட்டை வழியாக, அடுப்பில் பால் பொங்குவதுபோல, கீழேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. தண்ணீரை எடுத்துப் போவதற்காகக் கட்டிய கால்வாய், எங்கிருந்தோ தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டியது.

அன்று சாயங்காலம் போன் ஒரே ஒரு நிமிடம் கிடைத்தது. பழவேற்காடு கோட்டைக்குப்பத்திலிருந்து என் தம்பி. "அக்கா, கடல் தண்ணிய வாங்க மாட்டேங்குது. ஏரி ஏறிக்கிட்டே இருக்கு. உங்க பக்கம் எப்படி?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

நான் பிறந்த வீடு ஏரிக்கரையில், வாழ்க்கைப்பட்ட வீடு மீஞ்சூரில். இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஆறு, வடிநிலம், கழிமுகம் என்று பலகையில் வரைந்து வரைந்து கை தேய்ந்தது. ஆனாலும் என் வாசலில் நின்ற தண்ணீரும் தம்பி வீட்டுத் திண்ணையைத் தொட்ட தண்ணீரும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள் என்பது அந்த ஒரு நிமிடப் பேச்சில்தான் எனக்கு உறைத்தது. கடல் வாங்காவிட்டால் ஏரி வாங்காது. ஏரி வாங்காவிட்டால் கால்வாய் வாங்காது. கால்வாய் வாங்காவிட்டால் தெருவில் எத்தனை அகலத்துக்கு வடிகால் கட்டினாலும் அது தண்ணீர்த் தொட்டிதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஓர் ஊருக்கு மழைநீர் வடிகால் திட்டம் போடுகிறவர்கள் தெருவிலிருந்து வரையத் தொடங்கக் கூடாது. கடைமடையிலிருந்து, முகத்துவாரத்திலிருந்து தொடங்கி மேலே வரவேண்டும்.

மீஞ்சூரின் நில அமைப்பை ஒருமுறை மனத்தில் வரைந்து பாருங்கள். தெற்கே கொசஸ்தலை ஆறு, வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. வடக்கே ஆரணி ஆறு, பொன்னேரியைக் கடந்து பழவேற்காடு ஏரியில் விழுகிறது. நிலம் மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். பெய்த மழை இயல்பாகக் கிழக்கு நோக்கி நகரும். ஆனால் இந்த நூற்றைம்பது வருடத்தில் நாம் போட்ட மேடுகளில் பெரும்பாலானவை வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என்று போகும் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை ஒரு மேடு. திருவொற்றியூர் பொன்னேரி சாலை இன்னொரு மேடு. இவை போதாவென்று வண்டலூரிலிருந்து 62 கிலோமீட்டர் ஓடிவந்து மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலை. கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாயின் கரைகள், அனல் மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போகும் சாலைகள், சாம்பல் குளத்தின் கரைகள். தண்ணீர் இத்தனை வாசற்படிகளையும் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் சிறுபாலம் உண்டு. அந்தச் சிறுபாலத்துக்கு எத்தனை கண், ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு அகலம், அதில் இன்று எவ்வளவு தூர் அடைத்திருக்கிறது என்பதுதான் மீஞ்சூரின் வெள்ளக் கணக்கு. தெருவடிகாலின் அகலம் அதற்குப் பிறகு வரும் விஷயம்.

பக்கிங்காம் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கி, பிறகு பழவேற்காடு வரைக்கும் அதற்கு வடக்கேயும் நீட்டி, 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் தோண்டி, அப்போதைய கவர்னர் பெயரை வைத்தார்கள். படகு போவதற்காக வெட்டியது. அதனால் அதற்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கிடையாது. எண்ணூர் கழிமுகத்தையும் பழவேற்காடு ஏரியையும் இணைக்கும் அந்தக் கால்வாயில் தண்ணீர் வடக்கே போகுமா தெற்கே போகுமா என்பதைக் கடலின் ஏற்றமும் இறக்கமும் தீர்மானிக்கின்றன. அந்தக் கால்வாயில் கொண்டுபோய்த் தெருத் தண்ணீரை விடுகிறோம் என்றால், கடலின் நேரம் தெரிந்து விடவேண்டும்.

'வாட்டம்' என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டுக் கொத்தனார். எழுபது வயது. புயலுக்கு அடுத்த மார்ச்சில், வடிகால் காய்ந்து கிடந்த நேரத்தில், "டீச்சரம்மா, ஏன் தண்ணி திரும்பி வருதுன்னு பாத்துடலாமா?" என்று டியூப் லெவலோடு வந்தார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடி மாதிரியான நீளமான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இங்கே ஒருவர் பிடிக்க, மறுமுனையை அங்கே ஒருவர் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். நான் ஒரு முனை, அவர் பேரன் மறுமுனை. தெருத் தொடக்கத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து கால்வாயின் அடித்தளம் வரை கோல் வைத்து அளந்தோம். பிறகு அறுபது மீட்டர் தள்ளி, கால்வாய் முடிகிற இடத்தில் அளந்தோம். முடிகிற இடம் நான்கு விரற்கடை உயரம்! கீழே போக வேண்டிய தண்ணீருக்கு மேலே ஏறச் சொல்லிக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் கொடுமை, கால்வாய் அடுத்த கால்வாயில் சேரவே இல்லை. புதர் மண்டிய ஒரு காலி மனையில் போய் அப்படியே நின்றுவிட்டது.

கட்டிய ஒப்பந்ததாரர் யார் என்று தேடிப்போய்ச் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பில் வாங்கிப் போய் வருடங்கள் ஆகின்றன. எஸ்டிமேட்டில் இத்தனை மீட்டர் நீளம், இத்தனை கன மீட்டர் கான்கிரீட் என்று இருந்திருக்கும். அதைக் கட்டிக் கொடுத்துவிட்டார். தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்ற வரி அந்த எஸ்டிமேட்டில் இருந்திருக்காது. மீட்டர் கணக்கில் கட்டினால் மீட்டர்தான் கிடைக்கும். நூறு ரூபாய்க் குழாயை வைத்துக்கொண்டு ஒரு கிழவரும் ஒரு பையனும் ஒரு டீச்சரும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

இப்போது கடைமடைக்கு வருகிறேன்.

என் நைனா சுத்துவலைக்காரர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு இந்த ஊர் இந்த இடம், நாளைக்கு அடுத்த ஊர். ஊருக்குள் யார் யாருக்கு எந்த இடம் என்பது தலைக்கட்டுக் கணக்கில் முறைப்படி வரும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது, ஏழைக்கும் ஒரு நாள் வரும். பல தலைமுறைகளாக நடக்கும் ஏற்பாடு. இதில் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற மனக்குறை எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு, இன்றும் உண்டு. ஆனால் பொதுத் தண்ணீரைக் கட்டி ஆளத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படகுத் துறையில் நைனா ஒரு கழியை நட்டு வைத்திருந்தார். அதில் கத்தியால் வெட்டிய பள்ளங்கள் ஏழோ எட்டோ இருக்கும். விடியும் முன்னே எழுந்துபோய் அதைத்தான் முதலில் பார்ப்பார். தண்ணீர் எந்த வெட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை நேரம் ஏறும், எப்போது வற்றத் தொடங்கும் என்று சொல்வார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் ஏற்றம் அதிகம். அஷ்டமி, நவமியில் ஏற்றமும் குறைச்சல், இறக்கமும் குறைச்சல். நம் கரையில் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றடி வித்தியாசம். ஒருநாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அப்படியானால் கடலோடு சேரும் எந்தக் கால்வாய்க்கும் ஆறு மணி நேரம் வாய் திறந்திருக்கும், ஆறு மணி நேரம் வாய் அடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அடைமழை பெய்வதும் வாய் அடைத்திருப்பதும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? புயல் காற்று கடலைக் கரைக்குத் தள்ளினால் அந்த ஆறு மணி நேரம் பன்னிரண்டாகும். அன்று தம்பி சொன்னது அதைத்தான்.

அந்த ஆறு மணி நேரத் தண்ணீரை எங்கே வைப்பது? எங்கள் முன்னோர் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். தாங்கல். திருவள்ளூர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் தாங்கல் உண்டு. ஏரிக்குப் போகும் வழியில் தாங்கல் பெரும்புலம் என்று ஊரே இருக்கிறது. பெரிய ஏரி இல்லை, ஊருணியும் இல்லை. வருகிற தண்ணீரைத் தாங்கிப் பிடித்து மெல்ல விடும் சின்ன நீர்நிலை. இந்தத் தாங்கல்கள்தாம் கடல் வாய் திறக்கும்வரை மழையைத் தாங்கிய இடங்கள். இன்று பல இடங்களில் தாங்கல் என்ற பெயர் மட்டும் பட்டாவில் இருக்கிறது, தாங்கல் மனைப்பிரிவாகிவிட்டது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது. தாங்கலை அளந்து கல் நடத்தான் ஆள் இல்லை.

பழவேற்காடு முகத்துவாரத்தையும் சொல்லவேண்டும். வெயில் காலத்தில் மணல் மூடிக்கொள்ளும். மூடினால் கடலுக்கும் ஏரிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. ஊர் திரண்டு மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நிரந்தரமாகத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கல் சுவர் எழுப்பும் திட்டத்தைச் சுமார் 27 கோடி ரூபாயில் அரசு எடுத்தது. மீனவர்கள் வருடக்கணக்காகக் கேட்டது, வரவேற்கிறேன். ஆனால் இந்தக் கரையில் மணல் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகத்துக்குக் கடலில் கல் போட்டபின் அவற்றின் வடக்குப் பக்கக் கரை அரிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே சுவர் கட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. வருடா வருடம் மணலை அளக்கவும் வாரவும் பணமும் ஆளும் ஒதுக்கவேண்டும். முகத்துவாரம் என்பது மீஞ்சூரின், பொன்னேரியின் கடைசி மதகு. அதைப் பழவேற்காட்டு மீனவரின் தனிப்பிரச்சினை என்று நினைக்கும்வரை நம் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

சென்னை மாநகராட்சி கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு 3,220 கோடி ரூபாயில் கிட்டத்தட்ட 770 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் பெரிய திட்டத்தை எடுத்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கமெல்லாம் இதில் வரும். 2021 நவம்பரில் கொசஸ்தலை கரை மீறி மணலி புதுநகரில் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் மாநகராட்சியின் எல்லை எண்ணூரோடு முடிகிறது. ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் எல்லாம் ஊராட்சி, பேரூராட்சி. திட்டத்துக்கு எல்லை இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை. பூண்டி நீர்த்தேக்கத்தில் திறந்துவிடும் தண்ணீரும், அந்த 770 கிலோமீட்டர் வடிகால்களும், நம் ஊர்த் தெருக்களும் கடைசியில் ஒரே வாயைத் தேடிப் போகின்றன. அந்த எண்ணூர் முகத்துவாரம் முன்பைவிட அகலமாகிவிட்டதா? சாம்பலும் மண்ணும் படிந்து குறுகித்தான் கிடக்கிறது. மேலே குழாயைப் பெரிதாக்கிக்கொண்டே போய் கீழே வாயைச் சிறிதாகவே விட்டால், வெள்ளம் இன்னும் வேகமாக வந்து கடைமடையில் தேங்கும். கடைமடை என்றால் முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம்.

மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து அந்தக் குப்பங்களின் படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் தார் மாதிரி அப்பிக்கொண்டதை நாடே பார்த்தது. வடிகால் தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. நம் தெருவில் மழைநீர் வடிகால் என்று பெயர் எழுதிய கால்வாயில் வருடத்தில் முந்நூறு நாள் ஓடுவது சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும். முதல் மழைக்கு அது அத்தனையும் மொத்தமாகக் கீழே போகும். ஐப்பசி மாதம் தம்பி வலையை இழுக்கும்போது நான் ஒருநாள் உடன் இருந்தேன். இறாலுக்கு முன்னால் வந்தது பால் கவர், ஒற்றைச் செருப்பு, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், மாத்திரை அட்டை. அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் சாப்பிடும் அதே சர்க்கரை மாத்திரை. என் குப்பை என்று சொல்லமுடியாது. என் குப்பை இல்லை என்றும் சொல்லமுடியாது.

இதற்கெல்லாம் வடிகாலே வேண்டாம் என்பதா பதில்? சில இடங்களில் அதுவும்தான் பதில். சென்னையின் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரையிலான மணற்பாங்கான பகுதியில் வடிகால் கட்டப் போனபோது, அங்கே குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். மணல் தானாகக் குடித்துக்கொள்ளும் தண்ணீரை எதற்குக் கான்கிரீட்டில் பிடித்துக் கடலில் விடுகிறீர்கள், நிலத்தடி நீர் உப்பாகிவிடுமே என்று கேட்டார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வேலை நின்றது. கேள்வி கேட்ட மக்களைப் பாராட்டவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க மீஞ்சூருக்குத்தான் முதல் உரிமை உண்டு.

ஏனென்றால், உப்பு என்றால் என்ன என்று தெரிந்த ஊர் இது. 1960களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் நிலத்துக்கடியில் கடல் உள்ளே நடந்து வரத் தொடங்கியது. நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக் கைப்பம்பில் வந்த தண்ணீரில் பருப்பு வேகும். பத்து வருடத்தில் வேகவில்லை. இன்று அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் நுரைகூட வராது. 1987இல் நிலத்தடி நீரை முறைப்படுத்தச் சட்டம் வந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அதற்கு மீஞ்சூரின் பெயர்தான். தண்ணீர் போவது சென்னைக்கு.

பாடத்தில் நடத்தியதை இங்கே சொல்லிவிடுகிறேன், தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. நல்ல நீர் உப்பு நீரைவிட லேசானது, அதன்மேல் மிதக்கும். கடற்கரை ஊரில் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நிலத்தில் நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பு அண்டாது. அந்த ஓர் அடியை இழந்தால் 40 அடியை இழந்தோம் என்று அர்த்தம். ஆகவே மீஞ்சூரில் பெய்யும் மழை வெறும் தொல்லை அல்ல. கடலை வெளியே நிறுத்தி வைக்கும் காவலாளி.

எவ்வளவு மழை? ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் முப்பத்துமூன்று லாரிக்கு மேல். 600 சதுர அடி மொட்டை மாடியில் அதே மழைக்கு 5,500 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 366 குடம். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது போட்ட குழாய்கள் எத்தனை வீட்டில் இன்னும் தொட்டியில் இறங்குகின்றன என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு, நான் எண்ணியதில் ஒன்பது.

எல்லா மண்ணும் தண்ணீரைக் குடிக்காது என்பதும் உண்மை. நான் வேலையில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி வளாகத்தில் மூன்று இடத்தில் இரண்டடிக் குழி தோண்டச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மணி பார்த்தார்கள். விளையாட்டுத் திடல் ஓரத்துக் குழி பதினோரு நிமிடத்தில் குடித்துவிட்டது. வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் ஆனது. சுவர் ஓரத்துக் களிமண் குழியில் மறுநாள் காலை வந்து பார்த்தபோதும் பாதித் தண்ணீர் நின்றது. ஒரே வளாகம், மூன்று விடை. வடிகால் திட்டம் போடுகிறவர்களும் இதைத்தான் செய்யவேண்டும். குடிக்கிற மண்ணில் உறிஞ்சு குழி, குடிக்காத மண்ணில் தாங்கல், இரண்டும் கொள்ளாத மிச்சத்துக்கு மட்டும் கால்வாய். வரிசை இதுதான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கால்வாய், பிறகு இன்னும் பெரிய கால்வாய்.

தலைகீழாகச் செய்ததைத் திருத்திக்கொண்டவர்களும் உண்டு. நான் பிறந்த ஊரில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கல்லறை இருக்கிறது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்களின் கல்லறை. கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்க இன்றும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். அந்த ஒல்லாந்து நாடு, கடலையும் ஆற்றையும் கரை கட்டியே அடக்கிப் பழகிய நாடு. 1993லும் 1995லும் பெரு வெள்ளம் வந்த பிறகு அவர்கள் மனம் மாறினார்கள். 'ஆற்றுக்கு இடம்' என்று ஒரு திட்டம் போட்டு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நைமேகன் என்ற நகரத்தில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். அங்கே இருந்த வீடுகளுக்குப் பணம் கொடுத்து, குடியிருந்தவர்களோடு வருடக்கணக்கில் பேசித்தான் செய்தார்கள். நானூறு வருடத்துக்கு முன் நம் கரையில் வந்து கோட்டை கட்டியவர்கள், இன்று தங்கள் ஊரில் கரையைப் பின்னால் நகர்த்துகிறார்கள். நாம் மட்டும் ஏன் கழிமுகத்துச் சதுப்பில் இன்னும் மண் கொட்டிக்கொண்டிருக்கவேண்டும்?

2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில், சென்னை வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2023இல் அறிக்கை கொடுத்தது. பெருநகரத்துக்கு நிபுணர் குழு அமைத்தது நல்லது. மீஞ்சூருக்கும் பழவேற்காட்டுக்கும் பெரிய குழு வேண்டாம், ஒரு மேசை போதும். அந்த மேசையில் பேரூராட்சிப் பொறியாளர், நீர்வளத் துறைப் பொறியாளர், ரயில்வே ஆள், நெடுஞ்சாலைத் துறை ஆள் உட்காரட்டும். அவர்களுக்குச் சமமான நாற்காலியில் ஏரியிலிருந்து இரண்டு பேர், எண்ணூர் கழிமுகத்திலிருந்து இரண்டு பேர், பாடு முறை தெரிந்தவர்களாக உட்காரட்டும். தண்ணீர் வடிந்தபின் வீட்டைக் கழுவுவது பெண்கள். எந்த மூலையில் முதலில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தாம். அவர்கள் இல்லாமல் அந்த மேசை கூடக் கூடாது.

முதல் வருடம் எதையும் கட்டவேண்டாம். அளக்கட்டும். முகத்துவாரத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் நைனா நட்டதுபோல அளவுகோல் நட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று எழுதட்டும். ரயில் பாதை, சாலை, வெளிவட்டச் சாலை ஆகியவற்றின் அடியில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் எண் போட்டு, தூர் எவ்வளவு என்று ஆடி மாதத்திலேயே பலகை வைக்கட்டும். தாங்கல்களை அளந்து கல் நடட்டும். இரண்டாம் வருடம் கீழேயிருந்து மேலே வரட்டும். முகத்துவாரம், கால்வாய், கால்வாய் முகப்பில் கடல் ஏறினால் தானே மூடி இறங்கினால் தானே திறக்கும் ஒருவழிக் கதவு, சிறுபாலம், தாங்கல், கடைசியில் தெரு. வீட்டுக் கழிவுநீருக்குத் தனி வழி செய்யாமல் புது வடிகாலுக்கு மூடி போடக்கூடாது. கட்டி முடித்த ஒவ்வொரு வடிகாலிலும் பில் பாஸ் ஆவதற்கு முன் ஒரு டேங்கர் தண்ணீரை மேல்முனையில் ஊற்றி, தெருக்காரர்கள் முன்னிலையில் கீழ்முனையில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் பணம் கிடையாது. இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. பேரூராட்சிகளிலும் இப்போது பகுதி சபை உண்டு. ஏரிக்கரை ஊராட்சிகளில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். இன்னொன்று நவம்பர் 1, மழை நடுவில். மீஞ்சூரில் ஒரு தீர்மானம், பழவேற்காட்டில் அதே வாசகத்தில் ஒரு தீர்மானம் என்று இரண்டு ஊரும் சேர்ந்து போட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் அதன் எடை வேறாக இருக்கும்.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் சுருட்டிய வரைபடத்தோடு யாராவது வருவார்கள். நல்ல மனிதராகவே இருப்பார். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது, அந்த இடத்தில் அமாவாசை ஏற்றத்தின்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? அதற்கு விடை வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.